வெற்றிலை வைத்துச் சொன்ன பாதி வரி

என் மனைவி பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கப்போகிற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் டீக்கடைக்காரர். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். மிளகு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். பசியோடு இருக்கும்போது என்னிடம் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேனாம். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது. அப்புறம் சாப்பிட்டேன், சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் தலைச்சோலைக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் கடைசியில் இருக்கிறது. கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, நாலைந்து பலா, ஒரு பழைய ஜீப், மேலே ஒரு மாடி அறை. எங்கள் பிழைப்பு இவ்வளவுதான். காலையில் எஸ்டேட் வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டைச் சுற்றுவேன். மனைவி பல வருடமாக மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுக் கடன் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டவைத்தவள். அதனால் இந்த முறை பஞ்சாயத்து பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் குழுவில் எல்லோரும் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அடிவாரத்துக்குப் பக்கத்தில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து தேர்தல் நோட்டீஸ் வரைக்கும் அடிக்கிறவர். தங்கைக்கு இனாமாக நோட்டீஸ் அடித்துத் தருகிறேன் என்று சொல்லி, வாசகத்தையும் அவரே எழுதிவிட்டார். வீட்டு வரி பாதியாகக் குறைக்கப்படும். குடிநீர் வரி அறவே ரத்து. தினமும் இரண்டு வேளை தண்ணீர். எல்லாப் பாதைகளுக்கும் விளக்கு. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக இலவச வேன். ஐந்தையும் கட்டம் கட்டி, கலரில் போட்டிருந்தார்.

படித்துவிட்டு, மழையை மட்டும் விட்டுவிட்டீர்களே, அதையும் ஆறாவதாகச் சேர்த்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தன் கடையில் அடிக்கிற நோட்டீஸ் எல்லாம் இப்படித்தான், ஜெயித்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் கேட்க வந்ததில்லை என்றார். வரி குறைப்பேன் என்று சொல்லாமல் ஓட்டுக் கேட்பது, சாப்பாடு இல்லை என்று சொல்லிக் கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல என்றும் சொன்னார். மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். அண்ணன் பத்து ஊர் தேர்தலைப் பார்த்தவர், புருஷன் ஜீப் ஓட்டுகிறவன். அவள் அண்ணன் பக்கம் சாய்ந்தாள்.

தப்பு அங்கே நடக்கவில்லை. சேலத்தில் நோட்டீஸ் என்றால் காகிதம்தான். எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பேசி முடித்தாலும், காட்டைக் குத்தகைக்கு விட்டாலும், பங்காளிச் சண்டையைச் சமாதானம் செய்தாலும், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னால் அந்தப் பேச்சு முடிந்த பேச்சு. அதற்குப் பிறகு பத்திரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். என் மனைவி ஓட்டுக் கேட்கக் கிளம்பிய அன்று பித்தளைத் தட்டில் வெற்றிலையை அடுக்கி, அதன் மேல் நோட்டீஸை வைத்துக்கொண்டு கிளம்பினாள். வெறுங்கையோடு ஒரு வாசலில் போய் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தவிர, அந்த ஐந்தையும் அவள் நிஜமாகவே செய்வதாக இருந்தாள். அவள் வெற்றிலையோடு கிளம்பியது மச்சானுக்குத் தெரியாது. அவர் சின்ன வயதிலேயே கீழே இறங்கிப் போனவர்.

வீடு வீடாக அவள் வெற்றிலை கொடுத்தாள். ஜனங்கள் நோட்டீஸைப் படித்துப் பார்த்து, வெற்றிலையை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனார்கள். நான் பின்னால் நின்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அது வெறும் மரியாதையாகத்தான் தெரிந்தது.

கடைசி வீடு ஊரைத் தாண்டி, எஸ்டேட் வேலியை ஒட்டித் தனியாக இருக்கிறது. அங்கே இருக்கிற பெண் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவள். என் ஜீப்பில்தான் தினமும் வருவாள். புருஷன் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய், மாதம் ஒருமுறை வந்து போகிறவன். ஒரே மகள், அந்த வருடம் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் பிடிக்க மெயின் ரோடு வரைக்கும் எஸ்டேட் வழியாக நடக்க வேண்டும், அந்த வழியில் பட்டப்பகலிலேயே காட்டுமாடு நிற்கும். அதனால் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டோடு நின்றுவிடுவார்கள். அப்புறம் அவர்களும் என் ஜீப்பில் ஏறிப் பழம் பறிக்க வருவார்கள்.

அந்த வீட்டுக்காரி நோட்டீஸின் மற்ற நாலையும் விட்டுவிட்டு, கடைசி வரியில் விரல் வைத்துப் படித்தாள். வேன் நிஜமாக வருமா என்று கேட்டாள். வரும் என்று மனைவி சொன்னாள். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டின்போது மனைவி என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு வேன் ஓட்டறதுக்கு மாசம் என்னங்க ஆகும்?"

டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எங்கள் பாதையில் ஓடினால் அடிக்கடி மாற்ற வேண்டிய டயர் என்று எனக்குத் தெரிந்ததைச் சாதாரணமாகச் சொன்னேன். அவள் சாதத்தைப் பிசைந்தவள் பிசைந்தபடியே இருந்தாள். சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், வரவு எங்கிருந்து வருகிறது, செலவு எங்கே போகிறது என்று கிளார்க்கிடம் விசாரித்துவிட்டு வந்தாள். மகளிர் குழுவில் பழகிய மூளை. வந்து உட்கார்ந்து எனக்குப் பிரித்துச் சொன்னாள்.

அரசாங்கத்திலிருந்து வருகிற பணம் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடுகிறதாம். பஞ்சாயத்து தன் இஷ்டத்துக்குச் செலவு செய்யக்கூடியது வீட்டு வரியும் குடிநீர் வரியும்தான். அந்த இரண்டையும்தான் அவள் வேண்டாம் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறாள். வருகிற வழியை அடைத்துவிட்டு, இரண்டாவது வேளை மோட்டாரும் விளக்கும் வேனும் எதிலிருந்து ஓடும்? அதையாவது எப்படியாவது சமாளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், இன்னொன்றை அவள் கண்டுபிடித்து வந்திருந்தாள். எங்கள் ஊர் ஓட்டு வீடுகள் கட்டுகிற வரி மொத்தமாகப் பார்த்தால் சொற்பம். பெரிய தொகை முழுக்க மேட்டில் இருக்கிற ரிசார்ட்டிலிருந்தும் எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் வருகிறது. பாதி வரி என்றால் எங்களுக்கு வருடத்துக்கு நாலு டீ காசு மிச்சம். ரிசார்ட்காரருக்கு ஒரு வேன் காசு மிச்சம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீச்சல் குளம் கட்டி வைத்திருக்கிறவருக்கு நம் வீட்டு வெற்றிலையில் தள்ளுபடியா என்று கத்தினேன். உடனே மச்சானுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, முதலில் ஜெயிக்கட்டும், அப்புறம் மேலிருந்து நிதி வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். போனை மனைவி வாங்கினாள். தான் வெற்றிலை வைத்துவிட்டதாகச் சொன்னாள். கீழே போய் எத்தனை வருடம் ஆனாலும் அவர் இந்த மலைக்காரர்தானே. மெதுவாக, எத்தனை வீட்டில் என்று மட்டும் கேட்டார்.

வெற்றிலை வைத்த பேச்சிலிருந்து வெளியே வருவதற்கும் எங்களிடம் வழி உண்டு, ஆனால் அது ரொம்பக் கஷ்டமான வழி. வெற்றிலை வாங்கின வீட்டுக்கே வெறும் தட்டோடு போய், செய்ய முடியாததைச் சொல்லி, அவர்கள் கையால் ஒரு வெற்றிலையைத் திரும்ப வாங்கி வர வேண்டும். அவர்கள் வைத்தால் பேச்சு விட்டது. வைக்காவிட்டால் பேச்சு பேச்சுதான். நிச்சயம் நின்றுபோன கல்யாணங்களில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இப்படி வெறும் தட்டோடு போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்கிற வாரத்தில் ஒரு வேட்பாளர் அப்படிப் போனதை யாரும் பார்த்ததில்லை. போனால் தோற்றுப்போவாய் என்று நான் சொன்னேன். தெரியும் என்றாள். வீட்டு வரி, தண்ணீர் வரி, இரண்டாவது வேளைத் தண்ணீர் ஆகிய மூன்றையும் திரும்ப வாங்கிவிட்டு, விளக்கையும் வேனையும் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். ரிசார்ட்டில் புதிதாகக் கட்டின அறைகள் இன்னும் வரிக் கணக்கில் ஏறவே இல்லையாம். அவற்றைச் சரியாக அளந்து வரி போட்டாலே இந்த இரண்டும் ஓடிவிடுமாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகத் தெளிந்திருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. மறுநாள் காலை ஜீப்பை எடுத்தேன்.

வாசலுக்கு வாசல் ஒரே பேச்சுத்தான் நடந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர், பாதி வரி என்று கேட்டு இரண்டு நாளாவது சந்தோஷமாக இருந்தோம், அதற்கு நன்றி என்று கிண்டல் செய்தார்கள். ஒருவர் மட்டும், இதெல்லாம் முன்னாலேயே யோசிக்க வேண்டியதுதானே என்று வெளுத்து வாங்கினார். மனைவி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். திருப்பிப் பேச வாயெடுத்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். திட்டின மனுஷரும் உள்ளே போய் ஒரு வெற்றிலையைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். எல்லா வீட்டிலும் வைத்தார்கள். வைத்துவிட்டு, ஓட்டு உங்களுக்குத்தான் என்று எல்லோருமே சொன்னார்கள். மதியத்துக்குள் தட்டு நிறைந்து, ஒரு கல்யாணத்துக்குப் போதும் போல ஆகிவிட்டது.

வேலி ஓரத்து வீட்டுக்கு வந்தபோது அந்த வீட்டுக்காரி பூராக் கதையையும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். மனைவி பேச ஆரம்பிக்கும் முன்பே வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த மூணும் போகட்டுமுங்க அக்கா. வேனுக்குன்னு தனியா ஒரு வெத்தல வெச்சுட்டுப் போங்க."

மனைவி தட்டிலிருந்து நல்ல வெற்றிலையாக ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு கொட்டைப் பாக்கையும் சேர்த்து அவள் கையில் வைத்தாள். அப்போது அந்த வீட்டுக்காரி இன்னொன்றும் சொன்னாள். தேர்தலில் எதிர்த்து நிற்கிறவர், அதாவது மெயின் ரோட்டு மளிகைக் கடைக்காரரின் மனைவி, தனக்குச் சித்தி முறை, அதனால் ஓட்டை அங்கேதான் போட வேண்டும், தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஜீப்பில் வரும்போது, வெற்றிலை நம்முடையது, ஓட்டு அவர்களுடையதா என்று பொருமினேன். மனைவி வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

அவள் தோற்றுப்போனாள். அதிகமான வித்தியாசம் இல்லை, ஆனால் தோல்வி தோல்விதான். ஓட்டுப் போடுவதாகச் சொன்ன வீடுகளை எண்ணிப் பார்த்தால் அவள் ஜெயித்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஊரில் எங்களிடம் உண்மையைச் சொன்னவள் வேலி ஓரத்து வீட்டுக்காரி ஒருத்திதான் என்று மனைவி சொன்னாள். அன்றைக்கு அவள் வருத்தப்பட்டது உண்மை. மறுநாள் காலை எழுந்து, இனி அண்ணன் நோட்டீஸுக்கு வாசகம் எழுதக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள். அப்புறம் மிளகைக் காயப்போடப் போய்விட்டாள்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்து, வாசலில் நிறுத்தி, காபிக்காகக் குரல் கொடுத்தேன். வேலி ஓரத்து வீட்டுக்காரி பாதையில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு வேலைக்கு வரவில்லையே என்று காலையிலேயே நினைத்திருந்தேன். பக்கத்தில் அவள் மகள், புது யூனிபார்மில், பையோடு நின்றிருந்தது. அம்மாக்காரி என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து வந்த என் மனைவியைத்தான் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். வேன் விடுகிறேன் என்று சொன்னது ஜெயித்தால் விடுகிறேன் என்றுதானே, இவள்தான் தோற்றுப்போனாளே, போய் உன் சித்தியைக் கேள் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"வெத்தல வெச்சப்ப, செயிச்சாத்தான்னு அக்கா சொல்லலீங்களே."

நோட்டீஸில் அப்படிப் போட்டிருக்கும், போட்டிருக்க வேண்டும். ஆனால் வாயால் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நானும்தான் பக்கத்தில் நின்றேன். மனைவி ஒரு கணம்தான் நின்றாள். காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்பின் பின் கதவைத் திறந்தாள்.

"ஏறு கண்ணு" என்றாள்.

மறுநாள் இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றன. எட்டு முடித்து வீட்டில் இருந்த பெண்கள். அடுத்த வாரம் வண்டி நிறைந்துவிட்டது. மாதக் கடைசியில் பெட்ரோல் பங்கில் நின்றபோது எனக்குக் கண்ணைக் கட்டியது. என் மனைவி எந்தக் கணக்கு உதைக்கிறது என்று ஊரெல்லாம் வெறும் தட்டோடு போனாளோ, அதே கணக்கு இப்போது என் டேங்கில் உட்கார்ந்து உதைத்தது. வரியே இல்லாமல் வேன் விடுவது எப்படி என்று மச்சான் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டில் புலம்பினேன்.

புலம்பல் ஊர்க் காதுக்குப் போயிருக்க வேண்டும். கோயில் முன்னால் ஊர் கூடியது. திருவிழாவுக்கு எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி போடுவோம். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி வசூலிப்பது. அதைப்போல ஜீப் டீசலுக்கும் மாதம் ஒரு வரி போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லாத வீட்டுக்காரர்களும் சரி என்றார்கள். பாதி வரி என்றதும் மகிழ்ந்துபோன அதே ஜனம், புது வரி ஒன்றைத் தாங்களாகவே போட்டுக்கொள்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன். எழுந்து நின்று, எல்லோருக்கும் ஒரே வரி என்றால் அது நியாயமே இல்லை, ரிசார்ட்காரரும் கூலிக்காரரும் ஒன்றா, வருமானம் இருக்கிறவன் இரண்டு பங்கு போட வேண்டும் என்று முழங்கினேன்.

பெண்கள் பக்கமிருந்து வேலி ஓரத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"மாடியில டூரிஸ்டுக்கு ரூம் உடறவங்களும் அதுல சேத்திங்களா?"

எங்கள் ஊரில் மாடி இருப்பதும், அதில் சனி ஞாயிறு ரூம் விடுவதும் எங்கள் வீடு ஒன்றுதான். கோயில் முன்னால் எழுந்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவள் என் மனைவி. அங்கேயே என் பேரில் இரண்டு பங்கு விழுந்தது. நானே சொல்லி, நானே ஏற்றுக்கொண்ட வரி.

இப்போது ஜீப்பும் என்னுடையது, டிரைவரும் நான், வரி கட்டுவதில் முதல் ஆளும் நான். வேலி ஓரத்து வீட்டுக்காரியின் மகள் முன் சீட்டில் உட்கார்ந்து, பரீட்சைப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வருகிறது. எஸ்டேட் வளைவில் காட்டுமாடு நின்றால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அது ஒதுங்கும் வரைக்கும் பின்னால் ஒரே கூச்சலாக இருக்கும், முன்னால் முணுமுணுப்பு மட்டும் நிற்காது. தேர்தலில் தோற்றவளின் புருஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாதுதான். இருக்கிறேன்.